தினவசனத்தைப் பேசியவர் யார்? வேதாகமச் செயலி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் தமிழ்ச் சபைகளில் வேதாகமச் செயலி செய்ய முன்வரும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். முன்பு நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. எழுத்துரு உடைவது போன்றவை சோதனையிலேயே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வசனத்தைத் தனியே பிரித்து அனுப்புதல்

“உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்னும் யோபு 8:7 நம் வீட்டுச் சுவர்களிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் இடம்பெறும் வசனம். நாள்தோறும் ஒரு வசனத்தை அறிவிப்பாக அனுப்பும் என் முதல் செயலியின் தினவசனப் பட்டியலில் அதை நானே சேர்த்தேன். பிரேசர் டவுனில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர், மகனை அடக்கம் செய்த சில வாரங்களுக்குள் அந்த அறிவிப்பைக் கைப்பேசியில் கண்டு, ஆறுதல் தேடி அதிகாரம் முழுவதையும் வாசித்திருக்கிறார். மூன்று வசனங்களுக்கு முன்னால் அதே பேச்சு யோபின் பிள்ளைகளுடைய சாவை அவர்கள் பாவத்தோடு முடிச்சிடுகிறது. “தம்பி, இதைக் கர்த்தரா சொன்னார்?” என்று அவர் கேட்டபோது நான் பதிலின்றி நின்றேன்.

சொன்னவர், துன்பத்தில் இருந்த யோபைக் காண வந்த நண்பர் பில்தாத். அவரும் மற்ற இரு நண்பர்களும் கர்த்தராகிய தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அதே புத்தகத்தின் 42:7-இல் கர்த்தரே கடிந்துகொள்கிறார். இத்தனை தெளிவாக எழுதியிருந்தும், புதிதாக வரும் பட்டியல்களில் அந்த வசனம் தேவனுடைய வாக்குத்தத்தமாகவே நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நண்பர்களின் பேச்சை அடியோடு நீக்கிவிடலாம் என்பாரும் உண்டு; அதுவும் தவறே. அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாஸ் சொன்ன யோபு 5:13-ஐ அப்போஸ்தலர் பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவாக்காகவே எடுத்தாள்கிறார். ஆகவே சரி, தவறு என்று முத்திரை குத்தாமல், பேசுபவர், கேட்பவர், பகுதியின் தொடக்கம், முடிவு ஆகிய நான்கையும் ஒவ்வொரு வசனத்தின் தரவோடும் சேருங்கள்; அறிவிப்பைத் தொட்டால் அந்தப் பகுதி முழுவதும் திறக்கட்டும்; பகிரும் படத்திலும் பேசுபவரின் பெயர் இருக்கட்டும்.

அதிகார எல்லையில் நிறுத்துதல்

துன்புறும் தாசனைப் பற்றிய பாடல் ஏசாயா 52:13-இல் தொடங்குகிறது. 53-ஆம் அதிகாரத்தை மட்டும் திறக்கும் செயலி அந்தப் பாடலின் முதல் மூன்று வசனங்களைத் துண்டித்துவிடுகிறது. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இலும் வந்தவை. மூல ஆசிரியர்கள் இட்ட எல்லைகள் அல்ல.

எண்ணை மட்டும் நம்பி மூலத்தோடு இணைத்தல்

மல்கியா புத்தகம் எபிரெய மூலத்தில் 3 அதிகாரங்கள், தமிழில் 4. எந்த எண்ணுக்கு எந்த எண் இணை என்று காட்டும் பொருத்த அட்டவணை இல்லாமல் இணைக்காதீர்கள்.

சொல்தேடலில் ஒற்றை வரியைக் காட்டுதல்

தேடிய சொல் வரும் வரியை மட்டுமல்ல, அது இருக்கும் பத்தியைக் காட்டுங்கள்.