பழைய லான்ட் றோவர் வாங்குகிறவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஜீப்புகளுக்கு இப்போது நல்ல மவுசு. பெடியள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு, எங்கள் காலத்து ஆட்கள் செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்கிறார்கள். ரயர், பிரேக் பார்ப்பதெல்லாம் எந்த கராஜிலும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன்.

பொடியைப் பார்த்து விலை பேசுவது

1948இல் லான்ட் றோவர் வந்தபோது பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் பொடியை, அதாவது வெளிக்கூட்டை, அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது கறள் பிடிக்காது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான செசி இரும்பு, உள்ளிருந்து இத்துப்போகும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஓடிக் கடல் உப்புப் பட்ட வண்டியும் வெளியே பளபளவென்று நிற்கும். கீழே படுத்து, பின் குறுக்குச் சட்டம் வரை சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். இத்த இடத்தில் சத்தம் செத்திருக்கும், கறள் பொருக்குப் பொருக்காகக் கொட்டும்.

செசி இலக்கத்தை அறுத்து எறிவது

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறெரிகிறது. லான்ட் றோவரின் பழைய மொடல்களான சீரிஸ் 2, 2ஏ, 3 வண்டிகளில் செசி இலக்கம் பொறித்திருப்பது, முன் வலது ஸ்பிரிங் பூட்டும் பிடியில். சேறும் உப்புத் தண்ணீரும் அடிக்கிற இடம் அது. பெடியன் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போய்விடுவான். வெல்டிங்காரர் இத்த பகுதியை அறுத்து, புதுத் தகடு வைத்து வடிவாக ஒட்டிக் கொடுப்பார். இலக்கம் பழைய இரும்புக் குவியலுக்குள் போய்விடும்.

போன மாரியில் ஒரு 2ஏ பார்க்கப் போனேன். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு, 2286 சீசீ பெற்றோல் எஞ்சின் மாற்றாமல் அப்படியே. கொழும்பிலிருந்து வாங்க வந்தவரும் நின்றார். குந்தியிருந்து அந்தப் பிடியைத் துணியால் துடைத்தேன். புதுத் தகடு, மேலே கறுப்புப் பெயின்ற்.

"இதில இருந்த நம்பர் எங்கை தம்பி?"

"கறள் பிடிச்சுப் போச்சு அண்ணை, வெட்டிப்போட்டம்."

கொழும்பிலிருந்து வந்தவர் வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். புத்தகத்திலுள்ள இலக்கத்தை வண்டியில் காட்ட முடியாவிட்டால், பழைய வண்டி சேகரிப்பவருக்கு அது வெறும் உதிரிப் பாட்ஸ். பெயர் மாற்றும்போதும் கேள்வி வரும். அதே இலக்கத்தைப் புதிதாக அடித்துத் தருகிறோம் என்று யாரும் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொலிஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும்.

கிரைண்டர் வைக்க முதல் பெயின்றைச் சுரண்டி இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள். படமெடுங்கள். அந்தத் துண்டைச் சுற்றிச் சோக்கால் கோடு போடுங்கள். அதை விட்டுவிட்டு மற்ற இரும்பை மாற்ற நல்ல வெல்டிங்காரருக்குத் தெரியும். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

டீசல் எஞ்சின் மாற்றுவது

பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் போட்டாலும், கழற்றியதை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்

யுத்தத்தில் பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயாரிங் தேயும். ஸ்டார்ட் ஆகிறதே என்று நம்பாமல் கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பாருங்கள்.

விலை ஏறட்டும் என்று மாமரத்தடியில் விடுவது

சீரிஸ் 3 உற்பத்தி 1985இல் நின்றது, அதன் வழி வந்த பழைய டிஃபென்டர் 2016 ஜனவரியில். இறக்குமதிக்கு வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் நாட்டில் மிஞ்சியவைதான் கைமாறுகின்றன. விலை ஏறுவது ஓடுகிற வண்டிக்கு. மழைக்கு முதல் செசிக்குள் ஒயில் அடியுங்கள், கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே எடுங்கள்.