மரண அறிவித்தல் பக்கத்தை ஒரு நிமிடம் தேக்கி வைப்பது எப்படி?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்தைப் பராமரிப்பவன் நான். சாதாரண நாட்களில் யாரும் எட்டிப் பார்க்காத தளம் அது. ஊரில் ஒருவர் கண் மூடிவிட்டால் மட்டும் கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று எல்லோரும் ஒரே வேளையில் வந்து நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் காலை ஆறரை என்றால், கோடையில் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பது. சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியை எடுக்கும் நேரம். சென்ற ஆவணியில் எங்கள் சேர்வர் படுத்துக்கொண்டதும் அந்த நேரத்தில்தான்.

வருகிற ஒவ்வொருவருக்கும், தளத்தை எழுதியிருக்கும் நிரல்மொழியான பிஎச்பி தரவுத்தளத்தைத் திறந்து, அதே அறிவித்தலையும் அதே அனுதாபச் செய்திகளையும் புதிதாகக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை கோத்ததை வைத்திருந்து அடுத்தவருக்கும் நீட்டினால் வேலை முடிந்தது. தளத்துக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி கேஷ் (கோத்த பக்கத்தைத் தேக்கி வைத்து நீட்டும் இடையாள்) போதும்.

நான் எடுத்துக்கொண்டது என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேர்வர் மென்பொருள். இதே வேலைக்கென்று இருக்கும் வார்னிஷும் கெட்டிக்காரன்தான், ஆனால் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) வேலைக்கு வழக்கமாக அதன் முன்னால் இன்னொன்றை நிறுத்த வேண்டும். சின்னச் சேர்வருக்கு இரண்டு காவலாளிகள் எதற்கு? என்ஜின்எக்ஸ் முன்னாலும், உங்கள் தளம் அதன் பின்னால் 8080 போர்ட்டிலும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன்; கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டு எழுதுங்கள்.

முதற்படி, சேமிக்கும் இடம். ‘ப்ராக்ஸி கேஷ் பாத்’ என்ற வரியை எச்டிடிபி பகுதியில், சேர்வர் பகுதிக்கு வெளியே எழுத வேண்டும். ஒரு கோப்புறை, கேஷுக்கு ஒரு பெயர், அதன் சாவிகளுக்கு (ஒவ்வொரு பக்கத்தையும் அடையாளம் காட்டும் குறிகள்) 10 மெகாபைட் நினைவகம். ஒரு மெகாபைட்டில் ஏறக்குறைய 8,000 சாவிகள் அடங்கும் என்பதால் ஊர்த்தளத்துக்கு இது தாராளம். ‘மேக்ஸ் சைஸ்’ 500 மெகாபைட் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் வட்டு நிரம்பும் நாளில்தான் நினைவு வரும்.

அடுத்து லொகேஷன் பகுதியில் ‘ப்ராக்ஸி கேஷ்’ என்று எழுதி அந்தப் பெயரைக் கொடுங்கள். கீழே ‘ப்ராக்ஸி கேஷ் வேலிட்’, 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது) என்ற விடைக்கு ஒரு நிமிடம். ஒரு மணி நேரம் வைக்கலாமே என்பீர்கள். வைக்காதீர்கள். “அன்பு மாமனாரும்” என்ற வரியில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் பத்து நிமிடத்தில் தொலைபேசி அலறும். திருத்திய பிறகும் பழைய பக்கமே தெரிந்தால், அந்தக் குடும்பத்துக்கு கேஷ் பற்றி விளக்க என்னால் முடியாது.

இப்போது ‘ஆட் ஹெடர்’ (ஹெடர் என்பது பக்கத்தோடு கூடப் போகும் குறிப்பு) மூலம் ‘அப்ஸ்ட்ரீம் கேஷ் ஸ்டேட்டஸ்’ மாறியை வெளியே காட்டுங்கள். கோப்பைச் சோதித்து, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்து, கர்ல் கட்டளையால் ஹெடர்களை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். முதலில் ‘மிஸ்’ (கேஷில் இல்லை), பிறகு ‘ஹிட்’ (கேஷிலிருந்து வந்தது) வர வேண்டும்.

எனக்கு மிஸ், மிஸ், மிஸ். இரண்டு இரவு போனது.

விடை அந்த ஹெடர்களிலேயே இருந்தது: காலாவதித் தேதி 1981 நவம்பர் 19! பிஎச்பியில் செஷன் (வந்தவர் யாரென்று நினைவில் வைக்கும் ஏற்பாடு) தொடங்கினால் அது தானாகவே இந்தப் பழைய தேதியையும், சேமிக்காதே என்ற குறிப்பையும், வந்தவரின் அடையாளத்தைத் தாங்கும் ஒரு குக்கியையும் சேர்த்து அனுப்பும். பின்னாலிருந்து வரும் இந்த ஹெடர்களுக்குத்தான் என்ஜின்எக்ஸ் முதலிடம் கொடுக்கும்; நாம் எழுதிய ஒரு நிமிடம் அதற்கு அப்புறம்தான். குக்கி வைக்கும் விடையையும் அது சேமிக்காது.

தேடினால், ‘ப்ராக்ஸி இக்னோர் ஹெடர்ஸ்’ போட்டு எல்லாவற்றையும் புறக்கணிக்கச் சொல்லும் ஆலோசனைதான் கிடைக்கும். நானும் போட்டேன். உடனே ஹிட். மறுநாள் பாரிஸிலிருந்து ஓர் அக்கா எழுதினார்: “தம்பி, அனுதாபப் படிவத்தில் யாரோ லண்டன்காரரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஏற்கெனவே நிரம்பி இருக்கின்றனவே?” சேமித்த பக்கத்தோடு குக்கியும் சேமிக்கப்பட்டு, வந்தவர் எல்லோருக்கும் ஒரே செஷன் போயிருந்தது. கை நடுங்க கேஷ் கோப்புறையை அழித்தேன்.

ஆகவே அந்த வரியைத் தொடாதீர்கள். அறிவித்தல் பக்கத்தில் செஷனைத் தொடங்குவதை நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள்; படிவப் பக்கத்திலும் நிர்வாகப் பக்கத்திலும் மட்டும் தொடங்கட்டும். செஷன் குக்கியோடு திரும்பி வருபவர்களுக்கு ‘ப்ராக்ஸி கேஷ் பைபாஸ்’, ‘ப்ராக்ஸி நோ கேஷ்’ இரண்டையும் எழுதுங்கள். முன்னது கேஷிலிருந்து எடுத்துக் கொடுப்பதைத் தடுக்கும். பின்னது அவருடைய பக்கம் கேஷுக்குள் போவதைத் தடுக்கும். ஒன்றை மட்டும் எழுதினால் பாதிக் கதவுதான் பூட்டியிருக்கும்.

கடைசியாக நெரிசலுக்கு இரண்டு வரிகள். ‘ப்ராக்ஸி கேஷ் லாக்’: புதிய பக்கத்தைப் பலர் ஒன்றாகக் கேட்டால் ஒருவரை மட்டும் உள்ளே அனுப்பி மற்றவர்களைச் சற்று நிறுத்தி வைக்கும். ‘ப்ராக்ஸி கேஷ் யூஸ் ஸ்டேல்’ வரியில் ‘அப்டேட்டிங்’, ‘எரர்’, ‘டைம்அவுட்’: நிமிடம் கடந்த பக்கத்தைப் புதுப்பிக்கும் வரையிலும், பின்னாலிருக்கும் தளம் விழுந்துவிட்டாலும், பழையதைக் கொடுக்கும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் முகநூலிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் மிஸ் வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முகநூல் தன் இணைப்புகளின் வாலில் ‘எஃப்பிகிளிட்’ என்று ஒரு நீண்ட குறியீட்டை ஒட்டி அனுப்புகிறது. வால் மாறினால் என்ஜின்எக்ஸுக்கு அது வேறு பக்கம். ‘ப்ராக்ஸி கேஷ் கீ’ வரியில் முழு முகவரிக்குப் பதிலாக ஸ்கீம், ஹோஸ்ட், யூஆர்ஐ (வால் இல்லாத பாதை), அறிவித்தல் எண் ஆகியவற்றை மட்டும் கொடுங்கள். அனுதாபச் செய்திகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்திருந்தால் பக்க எண்ணையும் சேருங்கள். நான் அதை மறந்து, இரண்டாம் பக்கத்தை அழுத்தியவர்களுக்கு அரை நாள் முதல் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தேன்.