முறுக்குப் பட்டறையில் டி.கியூ.எம்: ஒரு தாள், ஒரு பேனா, பெயருக்கு மட்டும் இடம் கிடையாது

டி.கியூ.எம் (முழுத் தர மேலாண்மை, Total Quality Management) என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் ஹோட்டலில் உட்கார்ந்து கேட்கும் கோர்ஸ் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. நான் செய்து பார்த்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் என் அத்தை நடத்தும் முறுக்குப் பட்டறையில். நமுத்துப்போச்சு என்று கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. மாவு சரியில்லை என்றார் அத்தை, எண்ணெய் என்றார் மாமா, மழைக்காலம் என்றார் லோரிக்காரர். இப்படி ஆளுக்கொரு காரணம் சொல்லும் எந்த இடத்துக்கும் கீழே உள்ளது பொருந்தும்.

வரலாறு சுருக்கமாக. அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் 1950-ல் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பு நடத்தினார், அடுத்த ஆண்டே அவர் பெயரில் அங்கே பரிசு வந்தது. இன்றைக்கு ஐ.எஸ்.ஓ 9000 என்ற உலகத் தர மேலாண்மைத் தரநிலை சொல்லும் கொள்கைகள் ஏழு. மனப்பாடம் வேண்டாம், வேலை செய்யும்போது தானாக வரும்.

படி 1: எதைக் குறை என்கிறோம்?

வாங்குகிறவர் எதைத் திருப்பித் தருவாரோ அதுதான் குறை. அத்தைக்கு முறுக்கின் நிறம் பெரிய கவலை, ஆனால் நிறத்துக்காக ஒரு கடைக்காரரும் திருப்பித் தந்ததில்லை. திரும்பி வந்த பாக்கெட்டுகளை மேசையில் கொட்டிப் பிரியுங்கள்: நமுத்தது, உடைந்தது, எடை குறைவு, காறல் வாடை. ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் வைத்தால் எல்லாரும் அதிலேயே கோடு போடுவார்கள், அதனால் அதைச் சின்னதாக, கடைசியில் வையுங்கள்.

படி 2: சோதனைத் தாள்

இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாக.

தாள் என்பது வெறும் கட்டம்தான். இடப்பக்கம் குறை, மேலே நாள், நடுவில் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. அத்தை இதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு செஞ்சதுன்னு தெரிய வேணாமா?" ஸ்கேல் வைத்து அழகாக ஒரு பெயர்ப் பத்தியும் போட்டுவிட்டார். அந்த வாரம் தாள் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பட்டறையில் குறையே இல்லை! கடையிலிருந்து பாக்கெட் மட்டும் வழக்கம்போல் திரும்பி வந்தது.

தன் பெயரில் தானே கோடு போட்டுத் திட்டு வாங்க யாருக்கு ஆசை? டெமிங் நிர்வாகிகளுக்குச் சொன்ன 14 அம்சங்களில் எட்டாவது, வேலை இடத்திலிருந்து பயத்தை விரட்டு என்பது. பெரும்பாலான குறைகள் ஆளால் வருவதில்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தால் வருகின்றன, அதைச் சரிசெய்ய வேண்டியது முதலாளிதான் என்பது அவர் வாதம். படிக்கும்போது உபதேசம் மாதிரி இருக்கும், வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அப்படி இருக்காது. பெயர்ப் பத்தியைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் ‘நேரம்’ என்று எழுதினோம். அப்புறம் கோடுகள் வர ஆரம்பித்தன, நமுத்தது எல்லாம் மாலையில் கட்டிய பாக்கெட்டுகள் என்பதும் தெரிந்தது.

கருவி பற்றி என் கருத்து: ஆப் வேண்டாம். மாவுக் கையோடு யாரும் கைப்பேசியைத் தொடமாட்டார்கள். புத்தகக் கடையில் கிடைக்கும் மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) ஒன்று, கயிற்றில் கட்டிய மார்க்கர் பேனா, அடுப்படியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் சுவர். இதைவிட நல்ல மென்பொருளை நான் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க மட்டும் கணினி போதும்.

படி 3: பரேட்டோ

கூட்டுங்கள், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். எடுத்துக்காட்டுக்கு 100 குறைகளில் நமுத்தது 52, உடைந்தது 24, எடை 14, காறல் 7, மற்றவை 3 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டிலேயே 76 வந்துவிட்டது. மற்றதை இப்போதைக்குத் தொடாதீர்கள். (பரேட்டோ இத்தாலியப் பொருளியலாளர். அவர் பெயரைத் தர வேலைக்குள் கொண்டுவந்தவர் தர மேலாண்மை வல்லுநர் ஜூரான்.)

படி 4: ஐந்து ஏன்

டொயோட்டாவில் பழக்கமான முறை. எங்களுக்கு வந்தது இப்படி:

ஏன் நமுத்தது? சீல் கசிகிறது. பாக்கெட்டைத் தண்ணீர் பேசினில் அமுக்கினால் வாய்ப்பக்கம் குமிழி வரும். ஏன் கசிகிறது? சீல் போடும் இடத்தில் எண்ணெய். பக்கத்தில் நின்று பார்த்தபோது பாக்கெட்டின் வாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பளபளப்பு, அதன் மேலேயே சீல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள், பிளாஸ்டிக் அந்த இடத்தில் ஒட்டாது. ஏன் எண்ணெய்? முறுக்கை எடுத்த கையே பாக்கெட்டையும் பிடிக்கிறது. ஏன் ஒரே கை? மாலையில் ஒருவரே இரண்டையும் செய்கிறார். ஏன்? ஐந்து மணிக்கு லோரி வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும்.

மாவுமில்லை, மழையுமில்லை. லோரிக்காரரிடம் பேசி மறுநாள் காலையில் ஏற்றச் சொன்னோம். இதை ஐ.எஸ்.ஓ ஏழாவது கொள்கையில் ‘உறவு மேலாண்மை’ என்கிறது, நாங்கள் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து முடித்துக்கொண்டோம்.

படி 5: மாற்று, பார், நிலைப்படுத்து

திட்டமிடு, செய், சோதி, செயல்படு என்ற சுழல். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். அதே தாளில் தொடர்ந்து கோடு போடுங்கள், குறைந்தால்தான் நம்புங்கள்.

முறுக்குக்கு மட்டும்தானா?

இல்லை. ஊரைச் சுற்றியுள்ள செம்பனை (பாமாயில்) மில்லைப் பாருங்கள். குலை அடிபட்டாலோ வெட்டிய பிறகு காத்துக் கிடந்தாலோ பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்கும், கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா எண்ணெய் வியாபாரத்தில் 5 விழுக்காடுதான் வழக்கமான வரம்பு. ஏறியதை மில்லில் கொதிக்கவைத்து இறக்க முடியாது, தரம் தோட்டத்துச் சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. ரப்பரில், கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலத்துக்குப் பதில் 1965-ல் எஸ்.எம்.ஆர் (Standard Malaysian Rubber) என்ற, சோதனைக்கூட அளவுகளை வைத்துத் தரம் பிரிக்கும் முறை வந்தது. எஸ்.எம்.ஆர் 20 என்ற தரம் என்றால் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான், வாக்குவாதத்துக்கு இடமில்லை. கையுறைத் தொழிற்சாலையில் மாதிரிக் கையுறைக்குள் 1,000 மி.லி தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா பார்ப்பார்கள், எங்கள் பேசின் சோதனைக்கு அண்ணன் மாதிரி. சியாட்டிலில் வர்ஜினியா மேசன் மருத்துவமனை டொயோட்டா முறையை எடுத்துக்கொண்டு, நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால் எந்த ஊழியரும் வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று வைத்தது. பயத்தை விரட்டுவது அங்கே உயிர் விஷயம்.

பின்சேர்க்கை (பின்னூட்டங்களுக்குப் பிறகு)

கார் பட்டறை வைத்திருப்பவர் கேட்டார்: என்னிடம் பாக்கெட் இல்லையே, எதை எண்ணுவது? அதே கோளாறோடு திரும்பி வரும் காரை எண்ணுங்கள்.

இன்னொருவரின் பட்டறையில் வங்காளதேசத் தொழிலாளர்கள், தாளில் தமிழும் வேண்டாம் மலாயும் வேண்டாம் என்கிறார்கள். எழுத்துக்குப் பதில் படம் ஒட்டுங்கள். உடைந்த முறுக்கின் படம், பொங்கிய பாக்கெட்டின் படம். அத்தை பட்டறையிலும் இப்போது படம்தான், தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குக்கூட அதுதான் வேகமாக இருக்கிறது.

மெஸ்தி சான்றிதழ் இருந்தால் இது தேவையா? மெஸ்தி என்பது மலேசிய சுகாதார அமைச்சு உணவுத் தயாரிப்பாளர்களுக்குத் தரும் சான்றிதழ், உணவுப் பாதுகாப்புக்கும் சுத்தத்துக்கும். முறுக்கு உடைவதை அது எண்ணாது. இரண்டுக்குமான பதிவுகளை ஒரே கோப்பில் வைக்கலாம், தாளை மட்டும் சுவரிலிருந்து எடுத்துக் கோப்புக்குள் போட்டுவிடாதீர்கள்.