உளவுத் துறையின் பத்தாண்டுத் திட்டம்: பின்னாலிருந்து எண்ணுங்கள்

இன்றைக்குத் தொடங்காவிட்டால் பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் கிடைக்காதது எது? உளவு அமைப்பின் நீண்டகாலத் திட்டம் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

மொழியை எடுத்துக்கொள்வோம். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒதுக்கும் காலம் 88 வாரம், 2,200 வகுப்பு மணி. 2036-ல் கொரிய மொழியில் தேர்ந்த 20 ஆய்வாளர்கள் வேண்டும் என்று வையுங்கள். ஆளெடுப்புக்கும் பின்னணிச் சோதனைக்கும் ஓராண்டு, மொழிக்கு இரண்டு, ஆய்வு மேசையில் வேலை பார்த்துப் பழக மூன்று. மூன்றில் ஒருவர் இடையில் விலகினால், 2030-லேயே 30 பேருக்கான ஆளெடுப்பைத் தொடங்கியாக வேண்டும். செயற்கைக்கோள், மறைகுறியீடு என ஒவ்வொரு திறனுக்கும் இதே கணக்கைப் போடுங்கள்.

அடுத்து, எதிர்காலக் காட்சிகள்; அதாவது, நாளை எப்படியெல்லாம் அமையலாம் என்ற சித்திரங்கள். உறுதியானவற்றை முதலில் பிரித்துவிடுங்கள். 2040-ல் 18 வயதாகிறவர்கள் 2022-லேயே பிறந்துவிட்டார்கள். அண்டை நாட்டுப் படைக்கு எத்தனை இளைஞர்கள் கிடைப்பார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணிவிடலாம். மிஞ்சும் நிச்சயமின்மைகளில் விளைவு பெரிதாக உள்ள இரண்டை, ஒவ்வொன்றுக்கும் இரு முனைகளோடு, குறுக்கும் நெடுக்குமான அச்சுகளாக வைத்தால் நான்கு காட்சிகள் வரும். ஒன்று மாறினால் மற்றதும் சேர்ந்தே மாறும் என்றால் இரண்டு கட்டங்கள் வெறுமையாகிவிடும்; வேறு அச்சைத் தேடுங்கள். நல்லது, கெட்டது, நடுத்தரம் என்று மட்டும் மூன்றாக எழுதாதீர்கள். எல்லோரும் நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்று காட்சிகளிலாவது தேவைப்படும் திறனை இப்போதே தொடங்குங்கள். ஒன்றில் மட்டும் தேவைப்படுவதற்கு இரண்டு மூன்று பேரைக் கொண்ட சிறு குழு போதும். தேவை வந்தால் அதைச் சுற்றி வளர்க்கலாம்.

எந்தக் காட்சியை நோக்கிப் போகிறோம் என்பதை அறிகுறிகள் சொல்லும். "பதற்றம் கூடுகிறது" என்பது அறிகுறி ஆகாது. "எல்லையை நோக்கிய ரயில் பாதை இரட்டைப் பாதையாகிறது" என்பது அறிகுறி. யார் பார்ப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, தெரிந்தால் எந்த முடிவு எடுக்கப்படும் என்ற மூன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சொற்களில் கவனம் வேண்டும். 1951-ல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழ "கணிசமான சாத்தியம்" இருப்பதாக ஒரு அமெரிக்க மதிப்பீடு சொன்னது. சிஐஏவின் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்த ஷெர்மன் கென்ட் பிறகு விசாரித்தபோது, அதை எழுதிய குழுவினரே 20 முதல் 80 சதவீதம் வரை ஆளுக்கொன்றாக மனத்தில் வைத்திருந்தது தெரிந்தது. இன்று அங்கே "நடக்க வாய்ப்புண்டு" என்றால் 55 முதல் 80 சதவீதம் என்று எழுத்திலேயே வரையறுத்திருக்கிறார்கள். நீங்களும் எண்ணோடு எழுதுங்கள்.

அனுமானங்களுக்குக் காலாவதித் தேதி போடுங்கள். நீண்ட தூரம் தாக்கும் விமானங்கள் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது என்று இஸ்ரேலிய உளவுத் துறை நம்பியது. 1973 அக்டோபர் 6-ல் இரு நாடுகளும் சேர்ந்தே தாக்கின. எகிப்து அதிபர் சாதாத் கணக்கை மாற்றிக்கொண்டதை அந்த அனுமானம் மறைத்துவிட்டது. ஆகவே எதிர்வாதம் செய்வதற்கென்றே ஒருவரை நியமித்து, அவர் அறிக்கை நேராகத் தலைவரிடம் போக வழி செய்யுங்கள்.

திட்டங்கள் பெரும்பாலும் சாவது அன்றாட வேலையில்தான். ஒரு நெருக்கடி வந்ததும் திட்டக் குழுவை உடைத்துத் தினசரி அறிக்கைக்கு இழுத்துவிடுவார்கள். மூன்று பேரையாவது தொடவே கூடாது என்று தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். திட்டத்தின் ஒவ்வொரு வரியும் அடுத்த பட்ஜெட்டில் ஒரு தலைப்போடு இணைந்திருக்கட்டும். அறிகுறிப் பட்டியலை ஆண்டுக்கொருமுறை சரிபாருங்கள். காட்சிகளை நான்காண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதுங்கள்.