கோலாலம்பூரில் பாஸ்போர்ட் பறிபோனபோது

பைக்கில் வந்த இருவர் என் தோள்பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். பாஸ்போர்ட் அதற்குள். நல்லவேளை, போன் சட்டைப்பையில் இருந்தது. மலேசியாவில் அவசர எண் 999. ஆனால் போனில் சொன்னால் மட்டும் போதாது, காவல் நிலையத்துக்கே போய்ப் புகார் நகல் வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் அடுத்து எந்த வேலையும் நகராது.

அப்புறம் இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களைக் கிளம்பும் முன்பே மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன்; அது ரொம்பக் கைகொடுத்தது. அவசரச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்து இந்தியாவுக்குத் திரும்பலாம், வேறு நாட்டுக்குப் போக முடியாது. சிங்கப்பூர் திட்டத்தைக் கைவிட்டேன்.

பலரும் தடுமாறும் இடம் இனிமேல்தான். உள்ளே வந்த முத்திரை பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டதல்லவா? அதனால் நேராக விமான நிலையம் போகாதீர்கள். குடிநுழைவுத் துறையிடம் வெளியேற அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். வந்த விமானத்தின் போர்டிங் பாஸைப் படமெடுத்து வைத்திருந்தேன், அங்கே அதையும் காட்டினேன்.

இப்போதெல்லாம் பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டுவதே இல்லை.