எல்சி50 கணக்கிட எந்த முறை? முதலில் தரவைப் பாருங்கள்

எல்சி50 என்றால் சோதனை மீன்களில் பாதியைக் கொல்லும் ரசாயனச் செறிவு. மீன்களை வைத்து 96 மணி நேர நச்சுச் சோதனை முடித்ததும் பலரும் கேட்பது, அதைக் கணக்கிட புரோபிட் (இறப்பு விகிதத்தை உருமாற்றி நேர்கோடு பொருத்தும் முறை) போடலாமா, ஸ்பியர்மன்-கார்பரா (கோடு பொருத்தாமல் சராசரி போடும் முறை), இல்லை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், செறிவுக்கு ஏற்ற விளைவை வளைகோடாகப் பொருத்தும் டிஆர்சி தொகுப்பே போதுமா என்றுதான். அதற்கு முன் ஒவ்வொரு செறிவிலும் எத்தனை மீன் செத்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கும்.

லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம், தொட்டிக்கு 10 மீன், செத்தவை 0, 1, 4, 9, 10 என்று வைத்துக்கொள்வோம். அருமையான தரவு இது. நடுவில் மூன்று செறிவுகளில் சில செத்து சில பிழைத்திருக்கின்றன, அதனால் புரோபிட்டுக்குக் கோடு போட இடம் இருக்கிறது. ஸ்பியர்மன்-கார்பரைக் கையாலேயே போட்டால் 4.29 வரும், புரோபிட்டும் அதை ஒட்டித்தான் வரும். அதனால் எல்சி50-ஐ மட்டும் வைத்து முறைகளை ஒப்பிடாதீர்கள். எல்சி10, எல்சி1 (10 சதவீதம், 1 சதவீதம் மீன்களைக் கொல்லும் செறிவுகள்) என்று கீழே போகப்போகத்தான் புரோபிட்டும், அதைப் போன்ற இன்னொரு கோடு பொருத்தும் முறையான லாஜிட்டும் பிரியும், நம்பிக்கை இடைவெளியின் (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளின்) அகலமும் முறைக்கு முறை மாறும். அங்கே பாருங்கள்.

0, 0, 0, 10, 10 என்று வந்தால்? புரோபிட் திணறும், சில மென்பொருள்கள் அபத்தமான இடைவெளியைக் கூசாமல் அச்சடித்துக் கொடுக்கும். எல்சி50 4-க்கும் 8-க்கும் நடுவே என்று நேர்மையாக எழுதுங்கள்; ஒற்றை எண் வேண்டுமென்றால் இரண்டின் பெருக்கல் சராசரி (இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்), 5.66.

அதிகபட்சச் செறிவிலும் எல்லாம் சாகவில்லையா, 1977-இல் வந்த, ஓரங்களை வெட்டும் ஸ்பியர்மன்-கார்பர் உதவும். எத்தனை சதவீதம் வெட்டினீர்கள் என்பதையும் அறிக்கையில் சொல்லுங்கள். ஆனால் இந்த முறை சரிவை (செறிவு கூடக் கூட இறப்பு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதை) தராது, எனவே எல்சி10 கேட்டால் கைவிரித்துவிடும்.

டிஆர்சி-யில் ஒன்றை மறக்கவே கூடாது. தரவு வகையைப் பைனோமியல் (செத்தது அல்லது பிழைத்தது என்ற இரண்டே முடிவுகள் கொண்டது) என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், மொத்த மீன் எண்ணிக்கையை எடையாகக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது இறப்பு விகிதத்தைத் தொடர் அளவீடாக எடுத்துக்கொள்ளும். வளைகோடு அழகாகத்தான் இருக்கும், இடைவெளி தப்பாக இருக்கும்.

அப்புறம், இரண்டு ரசாயனங்களை ஒப்பிடும்போது இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, ஆகவே வித்தியாசமில்லை என்று முடித்துவிடாதீர்கள். இரண்டு எல்சி50-களின் விகிதத்தை எடுத்து, அந்த விகிதத்தின் இடைவெளிக்குள் 1 விழுகிறதா என்று பாருங்கள்.