குரல் பயிற்சியில் தொண்டை வலித்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரல் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களிடம், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கத்தக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலியை மறைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்வது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஒரு மாணவி மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் தாடை முன்னே வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, குரல்வளை மேலே ஏறி நின்றது. நிறுத்தச் சொன்னேன். மெந்தால் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப வலிக்கல சார், பாடிடுறேன்" என்றார். மெந்தால் தொண்டையை மரக்கச் செய்யுமே தவிர, இறுக்கத்தைத் தளர்த்தாது. வீட்டிலும் அப்படியே தொடர்ந்திருக்கிறார். சில நாளில் பேச்சே வெறும் காற்றாக வந்தது. குரல் திரும்ப மாதங்கள் ஆயின.

உடற்பயிற்சியில் தசை வலித்தால் வளர்கிறது என்பார்கள். அந்த நம்பிக்கையைத் தொண்டைக்குக் கொண்டுவராதீர்கள். குரல் நாண்கள் மென்மையான சவ்வு போர்த்த மடிப்புகள். சாதாரணப் பேச்சிலேயே நொடிக்கு 100 தடவைக்கு மேல் மோதுகின்றன. இறுக்கிப் பிடித்து மோதவிட்டால் வீங்கும். அதே பழக்கம் நீடித்தால் முடிச்சு விழும். வலிப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகள்தான். நாண்கள் கெடுவது கரகரப்பாகவும், நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாமல் போவதாகவும் தெரியும். எனவே வலி இல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் கவனியுங்கள்.

லேசான களைப்பு ஓய்வெடுத்தால் போய்விடும். எரிச்சல், குத்தல், கரகரப்பு வந்தால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. சரியானபின், ஸ்ட்ராவை உதட்டில் கவ்வி, வசதியான சுருதியில் மெதுவாக ஒலியெழுப்பித் தொடங்குங்கள். குறுகிய வழியில் எதிர்த்து நிற்கும் காற்று, நாண்கள் பலமாக மோதாமல் காக்கும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு பாடவே வேண்டாம்: வலியும் தெரியாது, நாண்களில் ரத்தம் கசியும் ஆபத்தும் கூடும்.

அடிக்கடி கனைப்பது

எச்சிலை விழுங்குங்கள்.

கிசுகிசுத்தால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பது

பலருக்கு அதில் இறுக்கம் கூடுகிறது. வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பாடும் நேரத்தில் மட்டும் தண்ணீர் குடிப்பது

குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகிறது, நாண்களைத் தொடுவதில்லை. உடம்பு வழியாகத்தான் ஈரம் அங்கே சேர வேண்டும். நாள் முழுக்கக் குடியுங்கள்.

கரகரப்பை வளரவிடுவது

3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டுங்கள். பாடும்போது குரல் திடீரென்று அறுந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மூச்சு திணறினாலோ அன்றே போங்கள்.